கடலே இல்லாத சேலத்தில் சுறா பயம்: உங்கள் அனுபவம் என்ன?

ஓமலூர் அப்பா:
எங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் மகனுக்கு நீச்சல் பழக்குகிறேன். படியை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனதும் காலைச் சுருட்டிக்கொள்கிறான். "கீழேருந்து சுறா வர்ற மாதிரியே இருக்குப்பா" என்கிறான். கிணற்றில் சுறா கிடையாது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை.

ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1973இல் எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. சட்டென்று நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பதாகவே மனம் கணக்குப் போட்டுவிடுமாம். ஆஸ்திரேலியாவில் ஒருவரைச் சுறா கடித்தால் அந்த வீடியோ அன்றைக்கே நம் போனுக்கு வந்துவிடுகிறது. பக்கத்து ஊர் வரப்பில் பாம்பு கடித்தவரை யாரும் படம் எடுப்பதில்லை. மனிதர் சீண்டாமலே சுறா கடிப்பது உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 60, 70 பேரை. அதில் இறப்பவர்கள் பெரும்பாலும் பத்துக்குள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு பதறுகிறது.

ஏற்காடு எஸ்டேட்:
அண்ணா, காபிச் செடிக்கடியில் நான் பாம்பைப் பார்த்திருக்கிறேன். பயந்தேன்தான். ஆனால் தடியால் தட்டிக்கொண்டே நடக்கலாம், பூட்ஸ் போடலாம், டார்ச் அடிக்கலாம். நாம் செய்ய ஏதாவது இருந்தால் பயம் அடங்கிவிடுகிறது. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வேகமாக ஓட்டுகிறவர்களைப் பாருங்கள், ஸ்டியரிங் தன் கையில் இருக்கிறது என்ற தைரியம். நிஜ ஆபத்து அங்கேதான். சுறாவிடம் நாம் செய்ய ஒன்றுமில்லை, வருவதும் தெரியாது. அதனால்தான் அந்தப் பயம் இவ்வளவு பெரிதாகிறது என்று நினைக்கிறேன்.

அஸ்தம்பட்டி:
அக்கா சொல்வது சரி. அந்தமானில் முகமூடி போட்டுக் கடலுக்குள் பார்த்தபோது துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறா ஒன்று எதிரே வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. அது என்னைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டது. கண்ணால் பார்த்த பிறகு பயம் பாதி இறங்கியது. ஓமலூர் அண்ணா, தம்பிக்கு ஒரு நீச்சல் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள், தண்ணீருக்கடியில் என்ன இருக்கிறது என்று அவனே பார்க்கட்டும்.

இன்னொன்று. எனக்குக் குழந்தை பிறந்தபோது பால் சுரக்கட்டும் என்று அம்மா பால்சுறா புட்டு செய்து கொடுத்தார். அதே அம்மா டிவியில் சுறா வந்தால் சேனலை மாற்றச் சொல்வார். சுறாவில் 500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மனிதரைக் கொன்றதாகப் பதிவானவற்றில் பெரும்பங்கு வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா என்ற மூன்றுடையது.