மாதம் ஒரு நாட்டுக்கோழி வாங்கிப் பல வேளைக்கு இழுத்துச் சமைப்பது சிக்கனமா, வீண் செலவா?

கொங்கு அடுப்பு:
எங்கள் வீட்டில் நான்கு பேர். கறிக்கு என்று மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. வாரா வாரம் பிராய்லர் எடுப்பதைவிட, நல்ல நாட்டுக்கோழி ஒன்று வாங்கிப் பல வேளைக்கு வைத்துச் சமைப்பதே மேல் என்பது என் கட்சி. எங்கள் பக்கம் உயிர் எடை கிலோ 450 ரூபாய். ஒன்றரைக் கிலோ கோழி 675 ரூபாய். மஞ்சள் தடவித் தீயில் வாட்டி, தோலோடு வெட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும்.

கழுத்து, முதுகு, இறக்கை, கால் எல்லாம் முதல் நாள் இரவுச் சாறுக்கு. சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் தட்டிப் போட்டுக் குக்கரில் ஆறேழு விசில். அதில் பாதியை எடுத்து வைத்து, மறுநாள் குழம்புக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுவேன். தொடையும் பாதி நெஞ்சுக்கறியும் குழம்புக்கு. கூடவே முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பச்சை மொச்சை கிடைத்தால் அதுவும். மதியம் சோற்றுக்கு ஆச்சு, இரவு தோசைக்கும் ஆச்சு. மிச்ச நெஞ்சுக்கறி ஃப்ரீசரில் இருக்கும். அடுத்த ஞாயிறு வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டுப் பள்ளிபாளையம் வறுவல். பிராய்லரை இப்படி இழுக்க முடியாது, இரண்டாவது கொதியிலேயே கறி பிரிந்து கூழாகிவிடும். ஓடியாடி வளர்ந்த கோழியின் தசைநார் மெதுவாகக் கரைந்துதான் சாறுக்கு அந்தக் கெட்டியும் மணமும் வருகின்றன.

வரவு செலவு:
அண்ணா, ருசியில் எனக்குச் சண்டை இல்லை, கணக்கில்தான் சண்டை. ஒரு கிலோவில் எலும்பு கழித்தால் தேறும் கறி 600 கிராம் என்று வையுங்கள். 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம். ஆக, முழுக்கோழிக்கும் 120 கிராம். 675 ரூபாயை வகுத்தால் ஒரு கிராம் புரதம் ஐந்தரை ரூபாய்க்கு மேல் வருகிறது. முட்டை ஒன்று 7 ரூபாய், அதில் 6 கிராம் புரதம்; கிராம் ஒரு ரூபாய்ச் சொச்சம்தான். அதே 675 ரூபாய்க்கு எங்கள் கடையில் பிராய்லர் கறியே இரண்டே முக்கால் கிலோ கிடைக்கும்.

சாறு உடம்புக்கு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் புரதத்தில் பெரும்பகுதி கறியில்தான் தங்குகிறது. வளரும் பிள்ளைக்குக் கறித்துண்டைக் குறைத்துச் சாற்றைக் கூட்டிக் கொடுப்பதை என்னால் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

கடலோரக் கவிஞன்:
பிராய்லருக்கு வளர்ச்சி ஊசி போடுகிறார்கள். அதையா பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள்?

வரவு செலவு:
அப்படி ஊசி போட்டு வளர்ப்பதில்லை நண்பரே. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வருவது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். பயப்பட வேண்டியது கண்டபடி கொடுக்கும் ஆன்டிபயாடிக்கைப் பற்றி. கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்து விற்பதை மத்திய அரசு 2019இல் தடை செய்ததே அதனால்தான். தடையைச் சரியாக அமல்படுத்தச் சொல்லிக் கேட்போம். இல்லாத ஊசியைச் சொல்லி ஏழை வீட்டுத் தட்டிலிருந்து கறியை எடுக்காதீர்கள்.

மேய்ச்சல் காடு:
நான் வளர்க்கிறவன். என் கோழி விற்கிற எடைக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். அதற்குள் கீரிக்குக் கொஞ்சம், பருந்துக்குக் கொஞ்சம் போய்விடும். கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால், தடுப்பூசி போடாத பட்டி காலிதான். இதையெல்லாம் தாண்டி நிற்கிற கோழிக்கு 450 ரூபாய் அதிகம் என்றால் எங்களுக்கு வயிறு எரியும்.

ஆனால் 'கொங்கு அடுப்பு' ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகரத்துக் கடைகளில் நாட்டுக்கோழி என்று தொங்குவதில் நிறைய, கொட்டகையில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்த்த கலப்பினம். அதற்கு மேய்ச்சல் கோழி விலையைக் கொடுத்தால் உங்கள் பணம் வீண்தான். சந்தையில் உயிரோடு பார்த்து வாங்குங்கள். புரட்டாசியில் கறி தின்கிறவர்கள் குறைவு, விலை இறங்கும், அப்போது வாங்கலாம்.

திண்டுக்கல் மருமகள்:
எல்லாரும் கோழியை வெட்டிப் பங்கு போட்டுவிட்டீர்கள். தட்டில் பங்கு போடுவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கறியைக் கொஞ்சமாக வைத்து உருளைக்கிழங்கைக் கூட்டும் வீடுகளில், தொடை வீட்டு ஆண்களுக்கும் பையன்களுக்கும் போகும். கடைசியில் உட்காரும் பெண்ணுக்குக் குழம்பும் கிழங்கும்தான் மிஞ்சும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அப்படியிருக்க, பல வேளைக்கு இழுத்ததாகப் படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது, அத்தனை வேளையும் அந்த வீட்டுப் பெண் என்ன சாப்பிட்டாள் என்பதுதான்.

நாட்டுக்கோழி வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுப்பில் ஏற்றும் முன்பே துண்டுகளை எண்ணித் தலைக்கு இத்தனை என்று வைத்துவிடுங்கள். இரும்புச்சத்து ஈரலில்தான் அதிகம். அதை ஆசைக்குக் கேட்கிறவருக்குக் கொடுக்காமல், சோகை இருக்கிறவருக்குக் கொடுங்கள்.

குளிர்பெட்டி:
இழுத்துச் சமைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வாங்கிய அன்றே வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். இளக்கிய கறியை மறுபடி உறைய வைக்காதீர்கள். குழம்பை ஆற வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். இரவெல்லாம் அடுப்பு மேடையில் கிடந்ததைக் காலையில் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு கொதியிலும் போகாது. பிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் முழுக்கோழி வேண்டாம், பக்கத்து வீட்டோடு பாதிப் பாதி பிரித்துக்கொள்ளுங்கள்.

கொங்கு அடுப்பு:
தம்பி 'வரவு செலவு', புரதத்தை மட்டும் வைத்துத் தட்டை அளந்தால் பருப்பும் முட்டையும் போதும், பிராய்லர்கூட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் முட்டை வாரத்துக்கு நான்கு நாள் உண்டு, புரதம் அதில் வருகிறது. கோழி வாங்குவது அந்த மணத்துக்காக, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து உட்காருவதற்காக. பட்ஜெட் போடுகிறவனுக்கும் அந்த ஆசை இருக்கக்கூடாதா?

அக்கா 'திண்டுக்கல் மருமகள்' கேட்டதற்கு: எங்கள் வீட்டில் சமைப்பது நான்தான், என் மனைவி கடைசியில் உட்காருவதில்லை. ஆனாலும் எண்ணிப் போடும் பழக்கம் இல்லை. இந்த ஞாயிறு முதல் எண்ணித்தான் போடப்போகிறேன்.

வரவு செலவு:
ஆசைக்குத் தனிக் கணக்கு எழுதுங்கள், எனக்கு வழக்கில்லை. 'சிக்கனமா' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். சாறுக்குத்தான் கோழி என்றால், முட்டையிட்டு ஓய்ந்த பண்ணைக் கோழி நாமக்கல் பக்கம் மலிவாகக் கிடைக்கும். வேக நேரம் எடுக்கும், சாறு நன்றாக வரும்.

மேய்ச்சல் காடு:
கூண்டில் நின்றே ஓய்ந்த கோழியா? தலைப்பே நாட்டுக்கோழியைப் பற்றியது தம்பி.

திண்டுக்கல் மருமகள்:
எந்தக் கோழியாவது இருக்கட்டும். 'கொங்கு அடுப்பு', எண்ணிப் போட்டுவிட்டு ஈரல் யாருக்குப் போனது என்று திங்கட்கிழமை இங்கே எழுதுங்கள்.