நீரில் மூழ்கும் நெல்: ஒரே மரபணுக் குடும்பம், எதிரெதிர் வேலைகளா?

தம்பலகாமத்து மாணவி:
உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். மாரிமழையில் எங்கள் வயல் ஒரு வாரத்துக்கு மேல் நீருக்குள் கிடந்து பயிர் அழுகிவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதன் பிறகுதான் சப்1ஏ என்ற மரபணுவைப் பற்றித் தேடிப் படித்தேன். அது ஈஆர்எஃப் என்னும் படியெடுத்தல் காரணிக் குடும்பத்தைச் சேர்ந்தது; அதாவது, மற்ற மரபணுக்களைத் தூண்டும் அல்லது அடக்கும் புரதங்களின் குடும்பம். மூழ்கிய நெல்லை வளரவிடாமல் அடக்கிக் காப்பாற்றுகிறது. ஆழ்நீர் நெல்லை விறுவிறுவென நீளச் செய்யும் ஸ்நோர்கெல் மரபணுக்களும் அதே குடும்பமாம். இது எப்படி?

ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை:
மகள், குடும்பம் என்று நாம் பிரிப்பது அந்தப் புரதம் டிஎன்ஏயைப் பற்றிக்கொள்ளும் பகுதியை வைத்து. ஈஆர்எஃப் புரதங்களில் அது ஏறத்தாழ 60 அமினோ அமிலங்கள் கொண்ட ஏபி2 பகுதி. பற்றும் கை ஒன்றுதான். எந்த மரபணுவைத் தூண்டுவது, எதை அடக்குவது என்பது புரதத்தின் மற்றப் பகுதிகளையும் அது இயங்கும் இழையத்தையும் பொறுத்தது.

நீருக்குள் எதிலீன் என்ற வாயு ஓமோன் வெளியேற முடியாமல் செடியிலேயே தேங்கும். இரண்டு வகை மரபணுக்களையும் எழுப்புவது அந்த எதிலீன்தான். ஸ்நோர்கெல் தண்டின் கணுவிடைகளை நீட்டி இலையை நீருக்கு மேலே கொண்டுவருகிறது. சப்1ஏ, வளர்ச்சியைத் தூண்டும் ஓமோனான ஜிபரெலினின் விளைவைத் தடுத்து, மாச்சத்தைச் செலவழிக்காமல் காத்திருக்க வைக்கிறது. மாதக்கணக்கில் நிற்கும் நீருக்கு முதலாவது வழி. இரண்டு வாரத்துக்குள் வடியும் வெள்ளத்துக்கு இரண்டாவது. உங்கள் வயலுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

மூதூர் விவசாயி:
சேர், எங்களுக்கு வெள்ளத்தை விட உவர்தான் பெரும் தொல்லை. அதற்கும் இந்தக் குடும்பம் உதவுமா? சப்1ஏ நெல் மரபணு மாற்றியதா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை:
தம்பி, மரபணு மாற்றியதல்ல. ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற பழைய நெல்லில் இருந்த மரபணு அது. 2006இல் அடையாளம் கண்டார்கள். பிறகு சுவர்ணா நெல்லுடன் கலந்து, மீண்டும் மீண்டும் சுவர்ணாவோடே இனங்கலந்து சுவர்ணா-சப்1 உருவானது.

உவருக்கு சப்1ஏயை நம்ப வேண்டாம். கேரளத்தின் பொக்காளி நெல்லில் பேசப்படும் எச்கேடி மரபணு படியெடுத்தல் காரணியே அல்ல. அது சோடியத்தை, வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசெல்லும் காழ் இழையத்திலிருந்து திரும்ப இழுத்து இலைக்குப் போகவிடாமல் தடுக்கும் கடத்திப் புரதத்துக்கான மரபணு. விதைநெல் வாங்கும்போது உவரைத் தாங்கும் இனமா, வெள்ளத்தைத் தாங்கும் இனமா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

தம்பலகாமத்து மாணவி:
நன்றி சேர். விதைப்பதற்கு முன் அப்பாவுடன் விவசாயப் போதனாசிரியரிடம் போய்க் கேட்கிறேன்.