3.5 லட்சத்தில் 360 சதுர அடி: மண் பிளாக்கா, சாலிட் பிளாக்கா?

செம்மண்_தருமபுரி: கலைஞர் கனவு இல்லம்னு கிராமத்துல குடிசைக்குப் பதிலா 360 சதுர அடி வீடு கட்டற திட்டத்துக்கு அரசு தர்றது 3.5 லட்சம். சுவரை அழுத்து மண் பிளாக்குல, அதாவது சிமெண்ட் கலந்த மண்ணை மெஷின்ல அழுத்தின கல்லுல, ஏத்தினா மிச்சம் பிடிக்கலாம். 230×190×100 மி.மீ. கல்லுக்கு 7 சதவீதம் சிமெண்ட், ஒரு மூட்டைக்கு 80 கல் வரும். மொத்தம் 2,900 கல், 36 மூட்டை. சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம்.

பாலக்கோடு_மேஸ்திரி: தம்பி, மண்ணுக்குக் கணக்குப் போட்டியா? ஏழு யூனிட், அதாவது 700 கன அடி வேணும். கடக்கால் (அஸ்திவாரம்) தோண்டின மண் பத்தாது, வேர் கலந்த மேல்மண் ஆகவே ஆகாது. கல்லை மூணு வாரமாவது நனைக்கணும், கோடையில இங்க தண்ணிக்கு எங்க போறது? சாலிட் பிளாக்னா, கான்கிரீட் கல்லு, அது பெருசு, 950 கல், லாரில வந்து இறங்கிடும்.

செம்மண்_தருமபுரி: ஈரச் சாக்கு போட்டு மேல தார்ப்பாய் மூடினா தண்ணி பாதி போதும் அண்ணே. மண்ணைச் சலிச்சு பாட்டில்ல மூணுல ஒரு பங்கு போட்டு, தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் குலுக்கி வைங்க. ஒரு நிமிஷத்துல மணல் அடியில, அரை மணியில வண்டல், மறுநாள் மேலே களி. களி 15 சதவீதத்தைத் தாண்டி ஏறினா கிரஷர் பொடி (ஜல்லி உடைக்கிற இடத்துக் கல்தூள்) கலக்கணும். இல்லன்னா காயும்போது கல் வெடிக்கும்.

பாலக்கோடு_மேஸ்திரி: பூச்சு 1:4-ன்னு, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் போட்டாலும் வெடிக்கும், அதைச் சொல்லல. கல்லை விட சாந்து கடினமா இருக்கக் கூடாது. இன்னொண்ணு, திட்டத்துல மண் சாந்துச் சுவர் கூடாது. சிமெண்ட் கலந்த கல்லுன்னாலும் ஒன்றிய இன்ஜினியர் ஒத்துக்கலைன்னா அடுத்த தவணை நிக்கும்.

கல்லுக்குழி_கிருஷ்ணகிரி: ரெண்டு பேரும் சுவத்தையே முட்டிக்கிட்டிருக்கீங்க. பணம் தின்றது கடக்காலும் கூரையும். நம்ம பக்கம் குவாரிக் கழிவுக் கல் இருக்கு, கடக்காலுக்கு அதுவே போதும். ரெண்டடியில பாறை தட்டினா ஆழம் போக வேண்டாம். ஆனா பாறை சரிவா இருந்தா படிபடியா கொத்தாம மேல ஏத்தாதீங்க, சறுக்கிடும்.

360-ல கான்கிரீட் கூரை 300 சதுர அடி, கனம் 5 அங்குலம்னா கான்கிரீட்டுக்கு 28 மூட்டை சிமெண்ட், கம்பி கிட்டத்தட்ட 280 கிலோ. ஸ்லாபோட அடிப்பக்கக் கான்கிரீட் பளு தாங்கறதில்ல, அங்க இழுவையைத் தாங்குறது கம்பிதான். அந்த இடத்துல ரெண்டு ரெண்டா மங்களூர் ஓடுகளை வெச்சா கான்கிரீட் 15 சதவீதமாவது குறையும். ஓடுகளை முன்கூட்டியே தண்ணியில ஊற வைக்கணும், வறண்ட ஓடு கான்கிரீட் ஈரத்தை உறிஞ்சிடும்.

பாலக்கோடு_மேஸ்திரி: அதுக்குக் கம்பிக் கட்டத்தையே ஓட்டு அளவுக்கு மாத்தணும். வரைபடம் இல்லாம எந்த கம்பி கட்றவனும் கை வைக்க மாட்டான்.

கல்லுக்குழி_கிருஷ்ணகிரி: சரிதான். சென்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கற பலகையும் முட்டும்) அடிக்கறதுக்கு முந்தியே வரைபடத்துல இன்ஜினியர் கையெழுத்து வாங்கிடணும், அடிச்ச பிறகு போய் நின்னா வாடகைதான் ஏறும்.