ஒரு ஜோடி சுகர் கிளைடர்களுக்கு மூன்று கூண்டுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

நிலாமுற்றம் (கேள்வி)

வணக்கம். கருத்தடை செய்யப்பட்ட ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, முழு வளர்ச்சி அடைந்த இரண்டு சுகர் கிளைடர்கள் (மரத்துக்கு மரம் மிதந்து பாயும் சிறு பைப்பாலூட்டிகள்) அண்மையில் என் பொறுப்புக்கு வந்தன. முன்பு வளர்த்தவர் முயலுக்கான கூண்டில் வைத்திருந்ததால் அதே கூண்டுடன்தான் வந்து சேர்ந்தன. அந்தக் கூண்டு நல்ல அகலம், ஆனால் உயரம் 45 செ.மீ. கூட இல்லை. இரவில் விழித்ததும் இரண்டும் கூரைக் கம்பியைப் பற்றிக்கொண்டு மேல் மூலை ஒன்றிலேயே ஒண்டிக்கொள்கின்றன. பெண் கிளைடர் அந்த மூலையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குட்டிக்கரணம் அடிக்கிறது. தரைப்பகுதி முழுவதும் வீணாகக் கிடக்கிறது.

கூண்டை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். பார்த்தவற்றில் மூன்று மட்டும் மனத்தில் நிற்கின்றன. முதலாவது, பெரிய கிளிகளுக்கான உயரமான கூண்டு: 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 150 செ.மீ. உயரம்; பவுடர் கோட்டிங் (பொடியைச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) செய்யப்பட்ட செங்குத்துக் கம்பிகள்; கம்பிகளுக்கு இடையே 2.2 செ.மீ. இடைவெளி. இரண்டாவது, கால்வனைஸ்டு, அதாவது துத்தநாக முலாம் பூசிய, வலையால் செய்த கூண்டு: 45க்கு 45, உயரம் 90 செ.மீ.; வலைக்கண் 1.25 செ.மீ. மூன்றாவது, 75 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 100 செ.மீ. உயரம் கொண்டது, இதற்கும் பவுடர் கோட்டிங் உண்டு, கம்பிகள் பெரும்பாலும் படுக்கைவாட்டில் உள்ளன, இடைவெளி 1.2 செ.மீ.

என் மனம் முதலாவதையே நாடுகிறது, ஏனெனில் அவ்வளவு உயரம் வேறு எதிலும் இல்லை. அதில் கிளைடர்கள் மிதந்து பாயவும் முடியும் என்று விற்பவர் சொல்கிறார். இடைவெளிதான் உறுத்துகிறது. உட்புறம் வலை அடித்து அதைச் சரிசெய்ய முடியுமா?

கிளைவாசி

வணக்கம். உயரத்தை முதலில் பார்த்தது சரியே. இவை மரவாழ் விலங்குகள். தரைக்கு இறங்குவதை இயன்றவரை தவிர்ப்பவை. ஒரு ஜோடிக்கு 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம் என்பது வளர்ப்பவர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் நல்லதே.

எனினும், கம்பி இடைவெளி என்ற கேள்வியில் தோற்கும் கூண்டை மற்ற எந்தச் சிறப்பும் காப்பாற்றாது. வளர்ந்த சுகர் கிளைடரின் எடை ஏறத்தாழ 100 முதல் 150 கிராம்தான். அடர்ந்த ரோமமும் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே மடிந்து கிடக்கும் தோல் சவ்வும் சேர்ந்து அதைப் பருத்ததாகக் காட்டுகின்றன. கையில் எடுத்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது எவ்வளவு மெல்லிய உடல் என்று தெரியும். தலை நுழைந்த இடத்தில் உடலும் நுழைந்துவிடும். நுழைய முடியாமல் பாதியில் சிக்கிக்கொள்வது தப்பித்துப் போவதைவிட ஆபத்தானது. ஆகவே அரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.25 செ.மீ., என்பதை மேல் எல்லையாகக் கொள்ளுங்கள். 2.2 செ.மீ. என்றால் அந்தக் கூண்டை மறந்துவிடலாம்.

அளக்கும்போது ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவுக்கு அளக்காமல், இரண்டுக்கும் இடையே உள்ள வெற்று இடத்தை மட்டும் அளக்க வேண்டும். நீண்ட செங்குத்துக் கம்பிகளை நடுப்பகுதியில் இரண்டு விரல்களால் விலக்கிப் பாருங்கள். மெல்லிய கம்பியாக இருந்தால் முனைகளில் 1.2 செ.மீ. காட்டும் இடைவெளி நடுவில் எளிதாக விரிந்து கொடுக்கும். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள சந்து, அடித்தட்டு செருகும் வாயின் மேல்விளிம்பு, இரண்டு பக்கச் சட்டங்கள் சேரும் மூலை ஆகிய மூன்றையும் அளக்காமல் எந்தக் கூண்டையும் வாங்க வேண்டாம். கம்பிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் தட்டின் மேல்விளிம்பில் இரண்டு செ.மீ. திறப்பு இருக்கும் கூண்டுகள் நிறைய உண்டு.

வலை அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டிய முனைகளை எவ்வளவு மடித்தாலும் ஏதாவது ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். வலைக்கும் கம்பிக்கும் நடுவே கழிவும் உணவும் ஒட்டிக் காய்ந்துவிடும்.

விற்பவர் சொன்னதைப் பற்றி ஒரு சொல். காட்டில் இவை ஒரே பாய்ச்சலில் 50 மீட்டர் வரை மிதந்து செல்லக்கூடியவை. ஒன்றரை மீட்டர் கூண்டில் அவை தாவும், தொங்கும், ஏறும். மிதப்பது என்பது விளம்பரம். அதற்குப் பாதுகாப்பான ஓர் அறையில் இரவு நேரத்தில் வெளியே விடுவது ஒன்றே வழி.

பட்டறைக்காரர்

இரண்டாவது கூண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே? கம்பி வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கால்வனைஸ்டு என்றாலே நஞ்சு என்று ஒதுக்குவது சற்று மிகையானது. வலையைப் பற்றவைத்த பிறகு முலாம் பூசுவது ஒரு வகை. முலாம் பூசிய கம்பியை எடுத்துப் பற்றவைப்பது மற்றொரு வகை. முதல் வகையில் ஒவ்வொரு இணைப்பும் துத்தநாகத்தால் மூடப்பட்டிருக்கும். இரண்டாம் வகையில் பற்றவைத்த புள்ளியில் முலாம் எரிந்துபோய் இரும்பு வெளியே தெரியும், துரு அங்கேதான் தொடங்கும். முதல் வகை வலையை வினிகர் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். உறுதியிலும் அது குறைந்ததில்லை.

கிளைவாசி

வேறுபாட்டைத் தெளிவாக விளக்கியதற்கு நன்றி. ஆயினும் இந்த விலங்குக்கு அதை ஏற்பது கடினம். வினிகர், மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் தளர்ந்த துகள்களையும் வெண்பொடியையும் அகற்றும். முலாம் அங்கேயேதான் இருக்கும். சுகர் கிளைடர் கம்பியின் மீதே வாழ்வது. கம்பியிலேயே சிறுநீர் கழிக்கும், அதே கம்பியைக் கையால் பற்றி ஏறும், பிறகு அதே கையை நக்கித் தன் ரோமத்தைச் சுத்தம் செய்யும். சிறுநீர் நாளுக்கு நாள் முலாமை அரிக்க, அரிக்கப்பட்ட துத்தநாகம் வாய்க்குப் போவதற்கு நேரான பாதை அமைந்துவிடுகிறது. புதிதாக வாங்கும் நாளில் எப்படி இருக்கிறது என்பதைவிட, சில மாதங்கள் சிறுநீர் பட்ட பிறகு எப்படி இருக்கும் என்பதுதான் இங்கே கேள்வி. இவை பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடியவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உலோகத்தை விட்டுவிட்டாலும் 45க்கு 45 என்ற அடிப்பரப்பு போதாது. பொருத்தமான ஓட்டச் சக்கரம் ஒன்றை வைத்தாலே உள்ளே நடமாட இடம் இராது.

பட்டறைக்காரர்

நக்கும் பழக்கத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. கோழிகளுக்கு அடித்துக் கொடுத்த அனுபவத்தை வைத்துப் பேசினேன். அப்படியானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது தரமான பவுடர் கோட்டிங் நல்லது. பிளாஸ்டிக் உறை போட்ட வலையையும் தவிர்க்கலாம்; ஓர் இடத்தில் கடித்துவிட்டால் உறை உரிந்துகொண்டே போகும்.

பவுடர் கோட்டிங்கில் பார்க்க வேண்டியது பற்றவைப்புப் புள்ளிகள்தான். உலோகத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பூசியிருந்தால் பூச்சு முதலில் அங்கே குமிழிக்கும். ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு சந்திப்பையும் பாருங்கள்; கண்ணுக்குத் தெரியாத குமிழ் நிழலில் தெரியும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறினால் செதிலாக வரக்கூடாது.

நிலாமுற்றம்

இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்கேலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போய் மூன்றாவது கூண்டைச் சோதித்தேன். வெற்று இடைவெளி எங்கும் 1.2 செ.மீ. தாண்டவில்லை, தட்டின் மேல்விளிம்பிலும் கதவுச் சந்திலும் அதைவிடக் குறைவு. முன்பக்கம் கீல் வைத்த பெரிய கதவுகள் இரண்டு உள்ளன. கை முழங்கை வரை உள்ளே போகிறது. பக்கவாட்டில் உணவுக் கிண்ணம் வைப்பதற்கு, மேல்நோக்கி நகரும் சிறிய கதவுகள் நான்கு உள்ளன. பின்பக்கக் கீழ் மூலையில் மட்டும் ஒரு பற்றவைப்புப் புள்ளியில், அரிசி அளவுக்குப் பூச்சு பெயர்ந்திருக்கிறது. கருப்புப் பெயின்ட் தொட்டு வைத்தால் போதும் என்கிறார் விற்பவர்.

அகலம் 60க்குப் பதிலாக 50 செ.மீ.தான் என்பது குறையாகுமா? சக்கரத்தையும் தூங்கும் பையையும் எங்கே வைப்பது?

பட்டறைக்காரர்

பெயின்ட் வேண்டாம். அது பூச்சின் மேல் ஒட்டும், அடியில் நடக்கும் துருவை நிறுத்தாது. கடித்தால் செதில் வயிற்றுக்குள் போகும். அதே மாதிரியில் வேறு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஓரிடத்தில் பெயர்ந்திருந்தால் அந்த ஒரு கூண்டின் கோளாறாக இருக்கலாம். மாற்றுக் கூண்டிலும் பெயர்ந்திருந்தால் அந்தத் தயாரிப்பையே விட்டுவிடுவது நல்லது.

ஆந்தைக்கண்

இதுவரை பேசப்படாத சிலவற்றைச் சேர்க்கிறேன். அகலத்தில் 10 செ.மீ. குறைந்தாலும் நீளத்தில் 15 செ.மீ. கூடுதலாக இருக்கிறது, மொத்தக் கொள்ளளவைக் கணக்கிட்டால் குறைந்தபட்ச அளவை இந்தக் கூண்டு தாண்டிவிடுகிறது. எனவே அது குறையாகாது.

மேல்நோக்கி நகரும் கதவுகள்தான் இவ்வகைக் கூண்டுகளின் பலவீனம். கிளைடரின் முன்னங்கைகள் சின்னஞ்சிறியவை என்றாலும் திறமையானவை. இலேசான கதவின் அடியில் விரலையோ மூக்கையோ கொடுத்து நெம்பக் கற்றுக்கொள்ள அதற்கு நீண்ட காலம் ஆவதில்லை. பாதி தூக்கிய கதவு கழுத்தின் மீது விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான்கையும் ஸ்பிரிங் கொக்கி போட்டு நிரந்தரமாக மூடிவிட்டு, எல்லா வேலைகளையும் பெரிய கதவுகள் வழியாகவே செய்யுங்கள்.

சக்கரத்தில் பார்க்க வேண்டியது நடு அச்சு. உட்புறமாக நடுவே தண்டு ஓடும் சக்கரத்தில் வால் சுற்றிக்கொள்ளும். ஏணிப்படி போன்ற கம்பிகள் கொண்ட ஓடுதளத்தில் கால் இடறி ஒடியும். பின்புறம் மட்டும் தாங்கி நிற்கும், ஓடுதளம் மூடியதாகவோ மிக நுண்ணிய வலையாகவோ இருக்கும் சக்கரமே ஏற்றது. விட்டம் ஏறத்தாழ 30 செ.மீ. இருந்தால்தான் முதுகை வளைக்காமல் ஓட முடியும். அதைக் கூண்டின் நீளவாட்டில் ஒரு கோடியில் வையுங்கள். மீதி நீளம் முழுவதும் கிளைகளுக்குக் கிடைக்கும்.

தூங்கும் பையை மேல் மூலைக்கு அருகில், வெளிச்சம் குறைவாக விழும் பக்கத்தில் தொங்கவிடுங்கள். இரண்டும் ஒரே பைக்குள் ஒட்டிக்கொண்டு உறங்கும், எனவே ஒன்றே போதும்; துவைப்பதற்காக இன்னொன்று வைத்திருங்கள். துணி ஃபிளீஸாக இருக்கட்டும், தையல் உட்புறம் தெரியக்கூடாது. இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. கிளைடரின் பின்னங்காலில் இரண்டாம், மூன்றாம் விரல்கள் பகுதியாக ஒட்டிப் பிறந்து, சீப்பு போல ரோமத்தைக் கோதப் பயன்படுகின்றன. பிரிந்து தொங்கும் ஒரு நூலிழை அந்த விரல்களில் சுற்றிக்கொண்டால், அது இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். இரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கியதும் வலி தாளாமல் தன் காலைத் தானே கடித்துக் குதறிக்கொள்ளும். பையை வாரந்தோறும் உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, தையல் ஓரம் முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். இழை தென்பட்டால் வெட்டிவிட்டுத் தொடர்வதைவிட அந்தப் பையையே கழித்துவிடுவது பாதுகாப்பு.

நிலாமுற்றம்

மாற்றுக் கூண்டு வந்துவிட்டது. டார்ச்சில் எந்தக் குமிழும் தெரியவில்லை. கதவுகளைக் கொக்கியிட்டுவிட்டேன். பூச்சு நாற்றம் போவதற்காகச் சில நாட்கள் காற்றோட்டமான இடத்தில் வெறுமனே வைத்திருக்கிறேன். மாற்றுவதற்கு முன் இரண்டு சந்தேகங்கள். தட்டுக்கு மேல் ஒரு கம்பித் தளம் உள்ளது, அது இருக்கட்டுமா? இப்போதைய கூண்டிலிருந்து எதையாவது உடன் மாற்ற வேண்டுமா, அல்லது எல்லாம் புதிதாகவும் சுத்தமாகவும் இருப்பது நல்லதா?

ஆந்தைக்கண்

கம்பித் தளத்தின் இடைவெளியைத் தனியாக அளந்து பாருங்கள். சுவரைப் போலவே 1.2 செ.மீ. இருந்து, அகற்றினால் தட்டின் வாயில் திறப்பு உண்டாகும் என்றால் அது இருக்க வேண்டும். இருந்தால் நன்மையும் உண்டு: இவை உணவை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புபவை, துப்பியது தட்டில் விழுந்துவிடும், அவை அதன்மீது நடக்கா. தட்டில் சாதாரணக் காகிதம் விரித்தால் போதும். தேவதாரு, பைன் மரச்சீவல்களின் நெடி சுவாசத்துக்கு ஆகாது.

இரண்டாவது கேள்விக்கு: பழைய பையைத் துவைக்காமல் அப்படியே புதிய கூண்டில் தொங்கவிடுங்கள். மணத்தால்தான் இவை தம் இடத்தை அறிகின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவினால், ஆண் மீண்டும் எல்லா இடத்திலும் குறியிடத் தொடங்கி நாற்றம் அதிகமாகும். இனிமேலும் ஒரு வாரம் பை, மறுவாரம் கிளைகள் என்று மாற்றி மாற்றிக் கழுவுங்கள்.

கிளைவாசி

வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். அறையின் வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருப்பது இதமானது. குளிர்காற்று நேராகப் பட்டால் மந்த உறக்கத்தில் ஆழ்ந்து, உடல் சில்லென்று ஆகிவிடும். ஜன்னல் வெயிலும் கூடாது. கூண்டின் மேல்பகுதி உங்கள் கண் உயரத்துக்கு வருமாறு ஒரு மேடையில் வைத்தால், நாம் குனிந்து நோக்குவதால் அவற்றுக்கு ஏற்படும் மிரட்சி குறையும். கிளைகளில் பூச்சிமருந்து படாதவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுவதும் காய்ந்த பிறகு பொருத்துங்கள்.

குட்டிக்கரணம் உடனே நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குறுகிய கூண்டில் படிந்த பழக்கம், இடம் கிடைத்த பின்னும் சிறிது காலம் தொடரக்கூடும். அது எந்த மூலையில் அப்படிச் செய்கிறது என்று பார்த்து, அந்த மூலைக்குக் குறுக்கே ஒரு கிளையையோ தொங்கும் கயிற்றுப் பந்தையோ மாட்டுங்கள். கூடுதல் இடம் கிடைத்தும் குறையாமல், வாலையோ காலையோ கடிக்கவும் தொடங்கினால், அயல் விலங்குகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

நிலாமுற்றம்

தளத்தை அளந்தேன், 1.2 செ.மீ.தான், அது இருக்கும். பழைய பையைத் துவைக்காமலே மாற்றுகிறேன். சக்கரம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. நடு அச்சு இல்லாததாகப் பார்த்து வாங்கும் வரை அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.