வினைச்சொல் வரும்வரை காத்திருக்கும் பேனா

சென்னையிலிருந்து

கருத்தரங்குகளிலும் பயிலரங்குகளிலும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகையை நிறுத்தி, பேசப்படுவதை அப்போதே படமும் எழுத்துமாக வரைந்து கொடுப்பதை ஏழு ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்து வருகிறேன். தொடக்கத்தில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். இதே வேலையைக் குறிப்பேட்டிலோ பலகையிலோ தரையிலோ செய்தவர்களும், பிறர் செய்யப் பார்த்தவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

ஈரோடு மாவட்டத்தில் மஞ்சள் விவசாயிகளுக்கான ஒருநாள் பயிலரங்கு அது. எட்டுக்கு நான்கு அடி சன்போர்டின் (எடை குறைந்த நுரைப்பலகை) மேல் மேட் வெள்ளைத்தாள் ஒட்டி நிறுத்தியிருந்தேன். ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர் பேச எழுந்தார். "சொட்டுநீர் போட்டால் தண்ணீர் பாதி மிச்சம், களை குறையும், ஆள் கூலி குறையும், எந்த மண்ணாக இருந்தாலும் பரவாயில்லை" என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, நானும் விடாமல் ஒரு பெரிய நீர்த்துளியை வரைந்து, அதன் வயிற்றில் 'பாதி மிச்சம்' என்று எழுதி, பக்கத்தில் தடித்த பச்சையில் ஒரு சரிக்குறியும் போட்டுவிட்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "என்று விற்க வருகிறவர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள்" என்று முடித்தார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் அரங்கத்துக்கே கேட்கும்படி, "தம்பி, அவரு நம்பாதீங்கங்கிறாரு, நீங்க டிக் போட்டுட்டீங்களே" என்றார். அன்றைக்கு அந்த அரங்கில் எழுந்த பெரிய சிரிப்பு அதுதான்.

பிழை கவனக்குறைவால் மட்டும் வந்ததன்று. இந்தக் கலையை நான் கற்றது ஆங்கிலப் புத்தகங்களிலிருந்தும் காணொளிகளிலிருந்தும். 1970களில் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் சிபெட் போன்றவர்கள் கூட்டங்களின் சுவரில் தாள் ஒட்டிப் பேச்சை வரையத் தொடங்கியதிலிருந்து, 2006-07 வாக்கில் மைக் ரோடி தன் குறிப்பேட்டுப் பழக்கத்துக்கு 'ஸ்கெட்ச்நோட்' என்று பெயர் வைத்தது வரை, அந்த மரபு பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சைக் கேட்டு வளர்ந்தது. ஆங்கிலத்தில் 'நம்பாதே' என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே காதில் விழுந்துவிடும். தமிழில் எழுவாய், செயப்படுபொருள், எடுத்துக்காட்டு, கிண்டல் எல்லாம் வந்து முடிந்த பிறகுதான், அதை ஏற்கிறாரா மறுக்கிறாரா, தான் சொல்கிறாரா பிறர் சொன்னதைச் சொல்கிறாரா என்பதை வினைமுற்று வந்து காட்டிக்கொடுக்கும். பேச்சாளருக்கு ஒரு வாக்கியம் பின்னால் கை போகட்டும் என்று அந்தப் பாடங்கள் சொல்லும். தமிழ் மேடையில் இரண்டு வாக்கியம் பின்னால் போவதே எனக்குச் சரியாக வருகிறது.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பெயர்ச்சொல் காதில் விழுந்தவுடன் வெளிர் மஞ்சள் மார்க்கரால் இடத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்வேன். நான்கடி தள்ளி நிற்பவருக்கு அது தெரியாது. வினைச்சொல் வந்த பிறகுதான் கறுப்பு. மஞ்சள் காய்வதற்கு முன் கறுப்பைப் போட்டால் கோடு பரவிவிடும் என்பதால், காத்திருப்பதற்கு மை தரும் காரணமும் சேர்ந்துகொள்கிறது. அதையும் மீறித் தவறு நேர்ந்தால் ஒட்டி மறைக்க, வெள்ளை ஸ்டிக்கர் தாளை அளவாக வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். ஈரோட்டில் அந்தச் சரிக்குறியை மறைக்க அது இருந்திருந்தால் சிரிப்பு சீக்கிரம் அடங்கியிருக்கும்.

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லாததால், தலைப்பையும் விளக்கத்தையும் கோட்டின் தடிமனாலும் கட்டத்தாலும்தான் பிரித்துக்காட்ட முடியும். மேலே சுழியும் கீழே கொக்கியும் வருவதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடவேண்டும். எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது புள்ளி. பட்டையான முனையுள்ள மார்க்கரில் வேகமாக எழுதும்போது அது விழாமல் போய்விடும். நில உரிமை குறித்த ஒரு கூட்டத்தில் நான் எழுதிய 'பட்டா வேண்டும்' என்பது 'படடா வேண்டும்' என்று இரண்டு மணி நேரம் நின்றது. அங்கே வந்திருந்த மக்களின் நிலைக்கு அதுவும் பொருந்தியே இருந்தது என்பது வேறு விஷயம்.

மதுரையிலிருந்து

நீங்கள் சொல்லும் பெரிய பலகை எனக்குப் பழக்கமில்லை. நான் கல்லூரி விரிவுரையாளர்; கோடில்லாத ஏ5 குறிப்பேடும் ஒரு ஜெல் பேனாவும்தான் என் கருவிகள். உரைகளைக் கேட்கும்போது படமாகக் குறித்துக்கொள்வது நினைவில் நிற்க உதவும் என்று படித்துவிட்டுத் தொடங்கினேன்.

முதல் ஆண்டில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நீர் மேலாண்மை பற்றிய ஓர் உரையைக் கேட்டுக்கொண்டே ஒரு பக்கத்தை அவ்வளவு அழகாக நிரப்பினேன். பக்கத்தில் இருந்தவர்கள் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து வகுப்புக்குப் பயன்படும் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தால், ஒரு குடை, அதன் கீழே மூன்று மீன்கள், மீனிலிருந்து ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அம்புக்குறி. நிழல் நன்றாக விழுந்திருந்தது. குடை மழையா, காப்பீடா, அரசா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று நான் உரையைக் கேட்டதைவிடக் குடையின் கம்பிகளை எண்ணியதே அதிகம் என்று நினைக்கிறேன்.

இது தொடர்பாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009இல் வெளியிட்டது. 40 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிப் பதிவைப் போட்டுக்காட்டியதில், கேட்டுக்கொண்டே கட்டங்களுக்கு நிழல் தீட்டியவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 விழுக்காடு அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் தீட்டிய கட்டங்களுக்கும் கேட்ட செய்திக்கும் தொடர்பே இல்லை. மனம் அலையாமல் கையைக் கட்டிப்போட்டதால் வந்த பயன் அது. ஆகவே காட்சிக் குறிப்புக்கு ஆதாரமாக அதைக் காட்டுவது எனக்கு உவப்பில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளிவந்த ஆய்வுகள் நம் விஷயத்துக்கு நெருக்கமானவை. ஒரு சொல்லை எழுதிப் பார்த்தவர்களைவிட அதன் பொருளை வரைந்து பார்த்தவர்கள் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். வரைய 4 நொடி மட்டும் கொடுத்தபோதும் அப்படியே. 4 நொடியில் யாரும் குடைக்கம்பி எண்ண முடியாது. அதைப் படித்த பிறகு ஒரு படத்துக்கு நான்கைந்து கோட்டுக்கு மேல் போடுவதில்லை. படத்தை ஒட்டி, அது எதைக் குறிக்கிறது என்று வினைச்சொல்லோடு முழுச் சொற்றொடராக எழுதிவிடுகிறேன். இப்போது யாரும் என் பக்கத்தைப் படமெடுப்பதில்லை.

லண்டனிலிருந்து

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். இங்கே நீதிமன்றங்களில் தமிழ் உரைபெயர்ப்பாளராகப் பல காலம் வேலை செய்திருக்கிறேன். காத்திருத்தல் பற்றி முதல் பதிவில் எழுதியதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அது எங்கள் தொழிலின் அன்றாடத் துன்பம். சாட்சி தமிழில் நீளமாகச் சொல்லிக்கொண்டு போகையில் ஆங்கிலத்தில் வாய் திறக்க வினைச்சொல் வேண்டும். அது வந்து சேரும்வரைக்கும் நீதிபதி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல. இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெளியிடும் நோக்கத்தோடு நீதிமன்றத்துக்குள் ஒருவரின் உருவத்தைக் கீறுவது குற்றம். அப்படியானால் செய்தித்தாள்களில் வருகிற நீதிமன்றச் சித்திரங்கள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்கு நெடுநாள் வியப்பாக இருந்தது. ஒருமுறை பத்திரிகையாளர் வரிசைக்கு அருகில் அமர்ந்திருந்தபோது ஒரு பெண் ஓவியரைக் கண்டேன். கையில் பென்சில் இருந்தது, ஆனால் ஒரு கோடும் கீறவில்லை. சொற்களாக மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்: கழுத்துப்பட்டி எந்த நிறம், எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது, குற்றஞ்சாட்டப்பட்டவர் எந்த வினாவின்போது கையை மேசைக்குக் கீழே கொண்டு போனார். இடைவேளை விட்டதும் விறுவிறுவென்று வெளியே போனார். மாலைச் செய்தியில் வந்த படத்தில், நான் இரண்டு மணி நேரம் அருகிலிருந்தும் பார்க்கத் தவறிய அந்தத் தாழ்ந்த தோள் இருந்தது.

நீங்கள் சொல்லைக் கேட்டுப் படமாக்குகிறீர்கள். அவர் படத்தைப் பார்த்துச் சொல்லாக்கி, வெளியே போய் மீண்டும் படமாக்குகிறார். மதுரைச் சகோதரியின் குடைக்குக் கீழே இப்படி ஒரு வரி இருந்திருந்தால் மீன்கள் யாருடையவை என்று தெரிந்திருக்கும்.

சிவகங்கையிலிருந்து

நான் ஓவியம் தெரிந்தவன் அல்லன். தொண்டு நிறுவனப் பணியாளனாகக் கிராமங்களில் பங்கேற்பு ஊரக மதிப்பீட்டுக் கூட்டங்களை நடத்தியவன். 1980களின் இறுதியில் இந்தியாவில் பரவத் தொடங்கிய இந்த முறையை உலகறியச் செய்தவர்களில் ராபர்ட் சேம்பர்ஸ் முக்கியமானவர். 'குச்சியை அவர்கள் கையில் கொடு' என்பது பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தரப்பட்ட பாடம். வரைபவர் நாமாக இருக்கக் கூடாது, ஊர்க்காரர்களே தரையில் வரைய வேண்டும்.

ஒரு கண்மாய்ப் பாசன ஊரில் ஆண்கள் ஊர்ப் பொதுவெளியான மந்தையில் வரைந்தார்கள். எல்லைக்குக் கோலப்பொடி, தெருவுக்குச் செங்கல் பொடி, மரத்துக்கு வேப்பிலை, வீட்டுக்கு ஒரு கல், வீட்டில் இருக்கும் ஆட்களுக்குப் புளியங்கொட்டை. வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, மடை எத்தனை, மிகுநீர் வெளியேறும் கலுங்கு எந்தப் பக்கம் என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. ஒரு பெரியவர் பேசாமல் எழுந்து வந்து, கலுங்கு என்று வைத்திருந்த ஓட்டுத் துண்டைக் காலால் தள்ளி ஒரு முழம் வடக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

மாலையில் பெண்கள் தனியாக, அதே ஊரை, பள்ளிக்கூட வாசலில் வரைந்தார்கள். ஆண்களின் படத்தில் ஊருக்குக் கிழக்கே ஒற்றைக் கல்லாக இருந்த காலனி, இங்கே 43 கற்களாக இருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் புளியங்கொட்டை எண்ணி வைத்தார்கள். காலையில் நான்கு மடையும் கலுங்குமாகப் படத்தில் பாதியை அடைத்திருந்த கண்மாய் இப்போது ஓரமாக ஒரு கீற்றாகிவிட்டது. நடுவில், கோயிலைவிடப் பெரிதாக, ஒரு வட்டம். என்னம்மா இது என்று கேட்டேன். "ஊத்துங்க சார், கண்மாய்க்குள்ள தோண்டினது. சித்திரையில இதான் எங்களுக்குத் தண்ணி" என்றார் ஒருவர். உண்மையில் அந்த ஊற்று இரண்டு பேர் இறங்கி நிற்கும் அளவுகூட இராது.

பிழை எங்கே நடந்தது என்றால், ஆடுகள் வந்து வேப்பிலையைத் தின்பதற்கு முன் அந்தப் படத்தைச் சார்ட்டில் படியெடுக்கும் வேலை என்னுடையது. நான் ஒழுங்காகச் செய்வதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அளவுக்குக் கொண்டுவந்தேன். கண்மாய் மீண்டும் பெரிதாகிவிட்டது, ஊற்று ஒரு புள்ளியாகிவிட்டது. ஒன்றியத்தில் அந்தச் சார்ட்டை விரித்தபோது ஒருவர்கூட அந்தப் புள்ளியைப் பற்றிக் கேட்கவில்லை. படத்தில் இருந்த பிழை என்று எண்ணி நான் திருத்தியது, அந்தப் பெண்கள் சொல்ல வந்த செய்தியையே. இது நடந்து பதினைந்து ஆண்டுக்கு மேலாகிறது. அப்போது கையில் கேமராக் கைப்பேசி இருந்திருந்தால் தரையை அப்படியே படமெடுத்துக்கொண்டிருப்பேன், என் புத்திசாலித்தனத்துக்கு இடம் இருந்திருக்காது.

மீண்டும் சென்னையிலிருந்து

சிவகங்கை அன்பர் எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய பலகைகளின் படங்களை எடுத்துப் பார்த்தேன். எதைப் பெரிதாக வரைவது என்பதை நான் பெரும்பாலும் மேடையில் அது எத்தனை நிமிடம் பேசப்பட்டது என்பதை வைத்தே முடிவு செய்திருக்கிறேன். பேசியவர் யார், கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்கள் யார் என்று அப்போது யோசிக்கவில்லை. ஐபேடில் வரைந்து திரையில் காட்டச் சொல்லும் நிகழ்ச்சிகளில் இது இன்னும் மோசம். புரொக்ரியேட் என்ற வரையும் செயலியில் அழிப்பதும் நகர்த்துவதும் எளிது, வரைந்த வேகத்தைக் காணொளியாகவும் எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் வருபவர்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள். பலகை என்றால் தேநீர் இடைவேளையில் நான்கு பேராவது அருகில் வந்து நிற்பார்கள்.

அண்மைக் காலமாக அந்த இடைவேளையில் இரண்டு மார்க்கரைப் பலகைக்குக் கீழே மூடி திறந்தபடி வைத்துவிட்டு நான் தேநீர் குடிக்கப் போய்விடுகிறேன். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான ஒரு கூட்டத்தில் அப்படிச் செய்தபோது நடந்தது இது. காலையில் பேசியவர்கள் சேமிப்பைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். நானும் பலகையின் நடுவில் பெரிய உண்டியல் ஒன்றை வரைந்திருந்தேன். வெளியில் வாங்கும் கடனுக்கான வட்டியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது. அதை மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் எழுதியிருந்தேன். நான் திரும்பி வந்தபோது அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா அந்தக் கட்டத்தைச் சுற்றி இன்னொரு கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதைச் சுற்றி ஒன்று, அதற்கும் வெளியே ஒன்று. கோடு ஒன்றும் நேராக இல்லை. ஐந்தாவது கட்டம் உண்டியலின் காலை வெட்டிக்கொண்டு போனதும் மூடியைத் தேடி எடுத்து மாட்டிவிட்டு, மார்க்கரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

குழுப்படம் எடுப்பதற்கு முன் நிகழ்ச்சியை நடத்தியவர் என்னிடம் வந்து, படம் கெட்டுப்போய்விட்டதே, அந்தப் பகுதியை மட்டும் மறைத்துவிட முடியுமா, நீங்கள் ஏதோ ஸ்டிக்கர் வைத்திருப்பீர்களே என்று கேட்டார். தீர்ந்துவிட்டது சார் என்றேன். பையில் இரண்டு தாள் இருந்தது.