ரூம் வாடகை வரம்பு, கோ-பே, டிடக்டபிள்: அம்மா ஆபரேஷனுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும்

அம்மாப்பேட்டை தறி

அம்மாவுக்கு அடுத்த மாதம் முட்டி மாற்று ஆபரேஷன், சேலத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். வயது 63. மருத்துவக் காப்பீட்டு பாலிசி 3 லட்சத்துக்கு, நான்காவது வருடம் ஓடுகிறது, இடையில் விட்டதில்லை. சுகரையும் பிரஷரையும் விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் தோராயமாக 2 லட்சம் ஆகும் என்கிறார்கள். ஏஜென்ட் எங்கள் சொந்தக்காரர், அதனால் அழுத்திக் கேட்கவும் முடியவில்லை, "3 லட்சத்துக்குள்ளதானே, எல்லாம் வந்துடும்" என்று முடித்துவிட்டார். ஆனால் பாலிசியைப் புரட்டினால் ரூம் வாடகை நாளுக்கு காப்பீட்டுத் தொகையில் 1%, கோ-பே 20%, விகிதாசாரக் கழிவு என்று என்னென்னவோ இருக்கிறது. தனி ரூம் 6,000, இரண்டு பேர் தங்கும் ரூம் 2,800. அம்மாவுக்குத் தனி ரூம்தான் வேண்டுமாம். வரம்பு 3,000 என்றால் மீதி 3,000 வீதம் நாலு நாளைக்கு 12,000 கையிலிருந்து கட்டினால் போதும்தானே? கோ-பேயும் டிடக்டபிளும் ஒன்றா?

பில்லிங் கவுன்ட்டர்

போதாது. இங்கேதான் எல்லாரும் மாட்டுகிறார்கள். நான் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவன், டிஸ்சார்ஜ் அன்று நடக்கிற சண்டையில் பாதி இந்த ஒரு வரியால்தான்.

டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாமே பல ஆஸ்பத்திரிகளில் ரூமைப் பொறுத்து ஏறும். அதே டாக்டர், அதே ஆபரேஷன், தனி ரூம் என்றால் ரேட் வேறு. அதனால் வரம்பைத் தாண்டிய ரூமை எடுத்தால், கம்பெனி வாடகையை மட்டும் வெட்டாது, அதே விகிதத்தில் இவற்றையும் வெட்டும். உங்கள் வரம்பு 3,000, ரூம் 6,000, ஆக பாதிக்குப் பாதி.

ஒரு உதாரணக் கணக்கு. தனி ரூமில் 2 லட்சம் பில் என்றால் வாடகை 24,000, டாக்டர், தியேட்டர், நர்சிங் 1,00,000, இம்ப்ளான்ட் (உள்ளே பொருத்தும் செயற்கை முட்டி), மருந்து, டெஸ்ட் 70,000, பாலிசியில் வராத சில்லறைச் சாமான்கள் 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகையில் 12,000 ஏற்பார்கள், ஒரு லட்சத்தில் 50,000. இம்ப்ளான்ட், மருந்து, டெஸ்ட் இவற்றை இப்படி விகிதம் போட்டு வெட்டக்கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விதி, அதனால் 70,000 முழுசாக வரும். சில்லறைக்குப் பைசா கிடையாது. ஆக 1,32,000. அதில் உங்கள் பங்கான கோ-பே 20% போக கம்பெனி தருவது 1,05,600. கையிலிருந்து 94,400.

இருவர் ரூம் எடுத்து, டாக்டர் வகையறா 80,000 ஆனால் மொத்த பில் 1,67,200. சில்லறையும் கோ-பேயும் போக கம்பெனி 1,28,960 தரும், நீங்கள் கட்டுவது 38,240. அம்மாவிடம் இந்த இரண்டு தொகையையும் சொல்லிப் பாருங்கள்.

ரூமுக்கு ஏற்ப ரேட் மாறாத ஆஸ்பத்திரி என்றால் இந்த விகிதாசாரக் கழிவையே போடக்கூடாது. ஐசியூ சார்ஜுக்கும் கிடையாது. எஸ்டிமேட் கேட்கும்போதே இரண்டு ரூமுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

ஐந்து ரோடு 2011

மேலே சொன்னவர் ரூமைப் பிடித்துக்கொண்டார், நான் காத்திருப்புக் காலத்தைக் கேட்கிறேன், அதாவது பாலிசி எடுத்து எவ்வளவு காலம் கழித்து கிளெய்ம் கிடைக்கும் என்பதை. முட்டி மாற்றுக்கு மட்டும் தனியாக இரண்டு வருடம், மூன்று வருடம் என்று போட்டிருப்பார்கள், பழைய பாலிசிகளில் நாலு வருடம்கூட உண்டு, உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம், சுகரும் பிரஷரும் எழுதினீர்கள், சரி, முட்டி வலிக்கு அதற்கு முன்பே எங்காவது காட்டி எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா? அட்மிஷன் ஷீட்டில் டியூட்டி டாக்டர் "ஆறு வருடமாக வலி" என்று எழுதிவிட்டால் கம்பெனி அதைத்தான் பிடிக்கும். தொடர்ந்து 5 வருடம் பிரீமியம் கட்டியிருந்தால் பழைய நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால்தான் முடியும். உங்களுக்கு இன்னும் அந்த 5 வருடம் ஆகவில்லையே. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், ஆனால் அவர் எழுதுவதைக் கூடவே நின்று பாருங்கள்.

ஏற்காடு காபி

டிடக்டபிளை யாரும் தொடவில்லையே. கோ-பே என்பது கிளெய்மில் நம் பங்கு, பில் ஏற ஏற அதுவும் ஏறும். டிடக்டபிள் என்பது முதலில் நாம் கட்ட வேண்டிய தொகை, அதற்கு மேல்தான் கம்பெனி. கார் பாலிசியில் 1500 சிசி வரை 1,000 ரூபாய் கட்டாய டிடக்டபிள். போன மழையில் ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் பஸ்ஸுக்கு ஒதுங்கி பம்பரைச் சுவரில் தேய்த்தேன். பிளாஸ்டிக் என்பதால் தேய்மானம் 50%, அதுக்கப்புறம் இந்த 1,000, போதாக்குறைக்கு கிளெய்ம் போட்டால் கிளெய்ம் போடாமல் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடியும் போகும். கணக்குப் பார்த்துவிட்டு பேசாமல் அஸ்தம்பட்டியில் கைக்காசு போட்டு மாற்றிவிட்டேன். ஆஸ்பத்திரி பக்கம் இந்த வார்த்தை பெரும்பாலும் அடிப்படை பாலிசிக்கு மேல் கூடுதலாக எடுக்கும் சூப்பர் டாப்-அப்பில் வரும்: 3 லட்சம் டிடக்டபிள் என்றால் வருடத்தில் 3 லட்சத்தைத் தாண்டிய பில்லுக்குத்தான் அது வேலை செய்யும்.

அம்மாப்பேட்டை தறி

ரொம்ப நன்றி. பாலிசியில் முட்டிக்கு 24 மாதம்தான் போட்டிருக்கிறது, தாண்டிவிட்டோம். வலி தொடங்கியதே போன வருடம்தான், பழைய எக்ஸ்ரே எதுவும் இல்லை. 94,400 என்றதும் அம்மாவே இருவர் ரூம் போதும் என்றுவிட்டார், பக்கத்து பெட்டில் யாராவது இருந்தால் பேச்சுத்துணையாம். கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸுக்கு எப்போது எழுதிக் கொடுப்பது?

பில்லிங் கவுன்ட்டர்

முன்கூட்டியே தெரிந்த ஆபரேஷன், அதனால் அட்மிட் ஆவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஆஸ்பத்திரி டெஸ்க்கில் கொடுத்துவிடுங்கள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 முதல் விதி. முதலில் வரும் ஒப்புதல் தொகையைப் பார்த்து அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் குறைவாகத்தான் போடுவார்கள், கடைசி பில் போனதும் ஏற்றுவார்கள். வெட்டியது எது எது என்று வரிவாரியாக எழுத்தில் கேளுங்கள். இம்ப்ளான்டில் கை வைத்திருந்தால் அந்த ஷீட்டை இங்கே போடுங்கள், பாலிசி நம்பரை மறைத்துவிட்டு.