புதுப்பிப்பு: மகள் கண்ணை அழுத்துவதும் இரவில் தூங்காததும்

மூன்று மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். லீபர் கன்ஜெனிட்டல் அமோரோசிஸ் என்ற விழித்திரை நோயால் பிறவியிலேயே பார்வை இல்லாத என் 4 வயது மகள் முஷ்டியால் கண்ணை அழுத்திக்கொண்டே இருக்கிறாள், ராத்திரி 2 மணிக்கு எழுந்து விளையாடுகிறாள் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது தென்காசி அக்கா சொன்ன யோசனைதான்: கையைத் தட்டிவிடாதே, கைக்கு வேலை கொடு. ஆச்சி ஓர் ஓலைக்கொட்டானில் புளியங்கொட்டையும் சோழியும் போட்டுக் கொடுத்தார். கண்ணுக்குப் போகிற கை அதற்குள் போனது. தடவிப் பிரிப்பாள், குலுக்கிக் கேட்பாள். வாயில் போட்டுவிடாமல் யாராவது பக்கத்திலேயே இருப்போம். அழுத்துவது முழுக்க நிற்கவில்லை, தூக்கம் வரும்போது இன்னும் உண்டு. ஆனால் கண்ணைச் சுற்றி இருந்த சிவப்பு போய்விட்டது. அதைப் பார்த்த அன்று அழுதுவிட்டேன்.

தூக்கத்துக்கு, அண்ணாச்சி ஒருவர் சொன்னபடி எழுப்புவது, குளியல், சாப்பாடு எல்லாம் தினமும் ஒரே நேரத்தில். வெளிச்சம் தெரியாவிட்டால் உடம்புக் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகுமாம். தூக்கம் ஒழுங்குக்கு வர ஐந்து வாரம் ஆனது. தூக்கத்துக்குக் கொடுக்கிற மெலடோனின் மருந்து கொடுக்கவில்லை, டாக்டரைக் கேட்காமல் நீங்களும் கொடுக்காதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று. பாளையங்கோட்டையில் காட்டிய குழந்தை மருத்துவர் சிறுநீரும், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்திலும் பார்க்கச் சொன்னார். இந்த வகை விழித்திரைக் கோளாறுகள் சிலவற்றில் சிறுநீரகமும் பாதிக்கப்படலாமாம். அவளுக்கு இப்போது நன்றாக இருக்கிறது. வருஷம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார். இதே நோய் உள்ள பிள்ளை இருந்தால் உங்கள் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.